பூம்பாறை வீட்டுக்கு ஒரு தாய்ப்பலகை

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், மேல்மலை ஊர்கள் என்று பொதுவாகச் சுட்டப்படும் தொகுதியைச் சேர்ந்த பூம்பாறை, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களுக்கு நடுவே அமைந்துள்ளது. குழந்தை வேலப்பர் கோயிலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றிருக்கின்றன. இத்தகைய மலையூர் ஒன்றின் வீட்டில் இரவும் பகலும் ஓயாமல் இயங்க வேண்டிய கணினி ஒன்றை அமைக்க விரும்புவோர், அதற்கான தாய்ப்பலகையை, அதாவது வழக்கில் மதர்போர்டு எனப்படும் அடிப்படைச் சுற்றுப்பலகையை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது இக்கட்டுரையின் பொருள். சமவெளி நகரங்களை மனத்திற்கொண்டு எழுதப்படும் பொதுவான பரிந்துரைகள் இங்கே பாதியளவே பொருந்தும். மின்சாரம் வரும் விதம், காற்றின் அடர்த்தி, மூடுபனி, பழுதுபார்ப்பவர் இருக்கும் தொலைவு ஆகிய நான்கும் மலையில் வேறானவை என்பதே அதற்குக் காரணம்.

வீட்டுக்கு எதற்குச் சர்வர் என்ற வினா இயல்பானது. பிற கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் இடைவிடாமல் ஏதேனும் ஒரு சேவையை வழங்கிக்கொண்டிருக்கும் கணினியே சர்வர் அல்லது வழங்கி எனப்படுகிறது. விருந்தினர் தங்கும் இல்லம் நடத்துகிற குடும்பம் ஒன்றுக்குக் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவைச் சேமிக்க ஓர் இடமும், அறை முன்பதிவுக்கும் கணக்குக்கும் ஒரு மென்பொருளும் தேவைப்படலாம். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர் வயலில் வைத்த உணரிகளிலிருந்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மணிக்கு மணி பதிந்து வைக்க விரும்பலாம். வீட்டிலிருந்தே மென்பொருள் பணி செய்யும் இளைஞருக்குச் சோதனைக் கணினிகள் வேண்டியிருக்கலாம். இவற்றையெல்லாம் இணையத்தின் வழியே தொலைதூர நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட முடியும் என்றாலும், மரம் விழுந்து இணையக் கம்பி அறுந்த நாளில் சொந்த வீட்டின் கேமராப் பதிவையே பார்க்க இயலாமற் போகும் நிலை மலையூர்க்காரருக்கு ஏற்புடையதாக இருக்காது. அண்மையில் இருக்கும் சேமிப்பகத்துக்கு உள்ள உண்மையான மதிப்பு அதுவே.

இத்தனை பணிகளுக்கும் தனித்தனிக் கணினி வாங்காமல் ஒரே கணினியைப் பலவாகப் பகுத்துக்கொள்ளும் முறையே மெய்நிகராக்கம். ஒரு பெரிய வீட்டைப் போர்ஷன்களாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வாசலும் தனிப் பூட்டும் வைத்துக் குடிவைப்பதற்கு இது ஒப்பாகும். குடியிருப்போர் ஒருவரையொருவர் காணாமலே வாழ்வார்கள், அடித்தளமும் கூரையும் மட்டும் பொதுவானவை. இவ்வாறு பகுத்துத் தரும் மென்பொருள் ஹைப்பர்வைசர் என்றும், பகுக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியும் மெய்நிகர்க் கணினி என்றும் வழங்கப்படுகின்றன. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதனைச் செய்துகாட்டி, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினிகளின் செயலிகள் இதற்கென வடிவமைக்கப்படாதவை ஆதலால், 1999இல் விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் நுட்பங்களாலேயே அக்குறையை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் செயலிக்குள்ளேயே வைத்தன. 2007இல் கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதி லினக்ஸ் இயங்குதளத்தின் கருவத்தில் சேர்ந்தது. 2008இல் வியன்னா நகரிலிருந்து பிராக்ஸ்மாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் வெளிவந்தது. ஒரு காலத்தில் வங்கிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த நுட்பம் இப்படியாக எளிய வீட்டுக் கணினிக்கும் கட்டணமின்றிக் கிடைக்கலாயிற்று.

இவ்வகைக் கணினியின் இயல்பு ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்திற்கொள்ள வேண்டும். வீட்டுச் சர்வர் நாளின் மிகப் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது. யாரேனும் படம் பார்க்கும்போதோ, நள்ளிரவில் காப்புப்படி எடுக்கப்படும்போதோ சில நிமிடங்கள் உழைக்கிறது. எஞ்சிய நேரமெல்லாம் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. ஆகவே முழுவேகத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைவிட, வேலையற்றிருக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்பதே கட்டணத்தையும் பேட்டரியின் தாங்குநேரத்தையும் தீர்மானிக்கிறது. செயலியின் பெட்டியில் அச்சிடப்படும் டிடிபி என்ற வாட் எண் இதைச் சொல்வதில்லை. அது, செயலி தொடர்ந்து உழைக்கும்போது வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற குளிர்விப்பானைப் பொருத்துவதற்காகத் தரப்படும் எண்ணாகும். 6 வாட் என்று குறிக்கப்பட்ட செயலி அழுத்தமான வேலையின்போது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கவும் கூடும். 65 வாட் என்று குறிக்கப்பட்ட செயலி ஓய்வின்போது மிகச் சில வாட்டுகளோடு நின்றுவிடவும் கூடும்.

ஓய்வின்போதைய நுகர்வைத் தீர்மானிப்பதில் செயலியைவிடப் பலகைக்கே பங்கு மிகுதி என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தியாதலால் அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். தாய்ப்பலகையில் செயலி, நினைவகம், சேமிப்பகம், வலையமைப்பு ஆகியவற்றை இணைக்கும் தடங்களோடு, சிப்செட் எனப்படும் துணைச் சில்லும், பேட்டரிக்கோ மின்வழங்கிக்கோ உரிய 12 வோல்ட் அழுத்தத்தைச் செயலிக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சீராக்கிகளும், ஒலிச்சில்லு, கூடுதல் சேமிப்பகக் கட்டுப்படுத்தி, வண்ண விளக்குகள் போன்ற பலவும் இடம்பெற்றுள்ளன. விளையாட்டுப் பிரியர்களுக்கென்று செய்யப்படும் பெரிய பலகைகளில் இருநூறு வாட்டுக்கு மேலும் தாங்கத்தக்க சீராக்கிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவை சில வாட்டுகளை மட்டும் கடத்தும் வேளையில் திறன்குறைந்தே இயங்கும். ஏஎம்டியின் எக்ஸ்570 என்ற துணைச்சில்லு மட்டுமே 11 வாட் அளவில் குறிக்கப்பட்டது. அதனைக் குளிர்விக்கவே பல பலகைகளில் ஒரு சிறு விசிறி பொருத்த வேண்டியிருந்தது. பூம்பாறை வீட்டுச் சர்வரின் மொத்த நுகர்வே அந்த அளவுக்குள் அடங்க முடியும் என்பதை நோக்கினால், அலங்காரமான பலகைகள் ஏன் இங்கே பொருந்தாதவை என்பது விளங்கும்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. தற்காலச் செயலிகள் வேலையில்லாதபோது படிப்படியாக உறக்கத்துக்குச் செல்லும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. இந்நிலைகள் சி-நிலைகள் எனப்படுகின்றன, எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகிறது. இன்டெல் செயலிகளின் முழுத்தொகுதி சி8, சி10 போன்ற ஆழ்நிலைகளை அடையும்போதுதான் நுகர்வு வெகுவாகத் தாழ்கிறது. ஆனால் பலகையில் உள்ள ஏதேனும் ஒரு கருவி தன் இணைப்புத் தடத்தை உறங்கவிடாமல் வைத்திருந்தால், முழுச் செயலியும் மேல்நிலையிலேயே விழித்திருக்க நேரும். வலையமைப்புச் சில்லின் இயக்கி மென்பொருள் சரியாக எழுதப்படாமை, இணைப்புத் தடங்களை ஓய்வுக்கு அனுப்பும் ஏஎஸ்பிஎம் என்ற வசதி, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸில் முடக்கப்பட்டிருத்தல், வட்டுகளை இணைக்கக் கூடுதலாகச் செருகப்பட்ட அட்டை ஆழ்நிலையைத் தடுத்தல் ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். ஒரே செயலியைக் கொண்ட இரு பலகைகள் ஓய்வில் ஐந்து பத்து வாட் வேறுபடுவது இதனாலேயே. இன்டெல் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட பவர்டாப் என்ற லினக்ஸ் கருவி, செயலி எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பலகையை வாங்கிய முதல் நாளிலேயே இதனை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டின் மின்கட்டண முறை இந்தச் சில வாட்டுகளுக்கு ஒரு தனி எடையைத் தருகிறது. இங்கே வீட்டு மின்நுகர்வு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 முதல் அவற்றுள் முதல் 100 யூனிட்டுகளுக்குக் கட்டணமில்லை. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மின்திறன் ஒரு மணி நேரம் செலவாவதைக் குறிக்கும். இடைவிடாமல் 10 வாட் எடுக்கும் கருவி அறுபது நாட்களில் 14.4 யூனிட்டைச் செலவிடுகிறது. பழைய மேசைக் கணினி ஒன்று ஓய்விலேயே 60 வாட் எடுக்குமானால், இரு மாதங்களில் அது 86.4 யூனிட்டை எடுத்துக்கொள்கிறது; விளக்கு, மிக்சி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்காக அரசு தரும் கட்டணமில்லாப் பங்கு ஏறத்தாழ முழுவதும் ஒரு பெட்டிக்கே போய்விடுகிறது. அதே பணியை 15 வாட்டில் செய்யும் சிறு பலகைக்கு 21.6 யூனிட் போதும். மலையில் வெந்நீருக்குக் கீசரும் விருந்தினர் அறைகளுக்கு அறைசூடேற்றியும் பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. இருமாத நுகர்வு உயர உயர யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படிகளில் இருந்த சலுகையும் குறைந்தது. எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் சர்வர் கூடுதலாக எடுக்கும் 60, 70 யூனிட்டே அந்த வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிட முடியும்.

எனினும் பூம்பாறையைப் பொறுத்தவரை கட்டணத்தைக் காட்டிலும் முதன்மையானது மின்தடையே. மலைப்பாதையை ஒட்டிச் சோலைகளுக்கும் தைல மரங்களுக்கும் ஊடே மின்கம்பிகள் செல்வதால், பலத்த காற்றில் ஒரு மரம் சாய்ந்தாலும் தொலைவிலுள்ள ஊர்கள் இருளில் ஆழும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், மாநிலத்தின் குறுக்கே மேற்கு நோக்கி நகர்ந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, மின்வழங்கலையும் போக்குவரத்தையும் குலைத்தது. அத்தகைய பேரிடர் அரிது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், ஏப்ரல் மே மாதங்களின் இடிமழையின்போதும் நேரும் சிறுசிறு தடைகளோ வழக்கமானவை. இக்காரணத்தால் தாய்ப்பலகையைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா, அது எவ்வளவு வேகமானது என்பதன்று. கரண்ட் போகும்போது அது எவ்வளவு நேரம் தாங்கும், திரும்பி வரும்போது தானே எழுந்துகொள்ளுமா என்பதே.

தாங்கும் நேரத்தை ஓர் எளிய கணக்கால் மதிப்பிடலாம். வீட்டு இன்வெர்ட்டருடன் வழக்கமாக வைக்கப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1,800 வாட்-மணி ஆற்றலைக் கொண்டது. ஈய-அமில பேட்டரியை முழுமையாக வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் பாதியை மட்டும் எடுப்பதாகக் கொண்டால் 900 வாட்-மணி கிடைக்கும். 60 வாட் கணினி இதில் பதினைந்து மணி நேரத்துக்குள் நின்றுவிடும். 15 வாட் பலகைக்கு அறுபது மணி நேரம் வர வேண்டும், ஆனால் நடைமுறையில் வராது. பேட்டரியின் நேர்த்திசை மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுவதற்காக இன்வெர்ட்டர் தானும் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சுமை மிகச் சிறிதாக இருக்கையில் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு சர்வரின் செலவுக்கு நிகராகிவிடுவதும் உண்டு. அவ்வாறு மாற்றப்பட்ட மின்சாரத்தைக் கணினியின் மின்வழங்கி மீண்டும் நேர்த்திசையாக மாற்றுகிறது. போகவும் வரவும் இருமுறை வரி கட்டுவதை ஒத்த இவ்வீணடிப்பைத் தவிர்க்க, 12 வோல்ட் அல்லது 19 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தை நேரடியாகவே ஏற்கும் பலகைகள் உதவுகின்றன. சிறிய மாற்றி ஒன்றின் துணையால் பேட்டரியிலிருந்தோ, கூரையிலுள்ள சூரியத்தகடுகளால் ஊட்டப்படும் தொகுதியிலிருந்தோ அவற்றை இயக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே வேறு சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் எனும் அளவுக்கு மலையூரில் இது பயன்தரும்.

நேரடி நேர்த்திசை வசதி இல்லாத பலகையை வாங்குவோர் மின்வழங்கிப் பெட்டியின் அளவில் கவனம் வைக்க வேண்டும். எண்பது பிளஸ் எனப்படும் திறன் முத்திரைகளுள் பெரும்பாலானவை, பெட்டியின் முழுத்திறனில் 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் அளந்தே வழங்கப்படுகின்றன. 550 வாட் பெட்டி ஒன்றில் 20 விழுக்காடு என்பது 110 வாட். 15 வாட் எடுக்கும் சர்வரோ அதன் 3 விழுக்காட்டுக்கும் கீழே நிற்கிறது. முத்திரை உறுதியளிக்கும் எல்லைக்கு வெளியே இயங்கும் அப்பெட்டி, உள்வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கை வெப்பமாகவே கழித்துவிடக்கூடும். பெரிய பெட்டி என்றால் பாதுகாப்பு என்ற கடைக்காரர் அறிவுரை இவ்விடத்தில் பிழையானது.

திரும்பி எழும் திறன் பயாஸ் அமைப்பில் அடங்கியிருக்கிறது. மின்சாரம் மீண்டபின் அணைந்தே இருப்பதா, உடனே இயங்கத் தொடங்குவதா, முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதா என்பதைத் தெரிவு செய்யும் வசதி நல்ல பலகைகளில் இருக்கும். இல்லாத பலகையைத் தவிர்த்துவிட வேண்டும், ஏனெனில் வீட்டார் மதுரைக்கோ வத்தலக்குண்டுக்கோ சென்றிருக்கும் நாளில் கரண்ட் வந்தாலும் கணினியின் பொத்தானை அழுத்த ஆள் இருக்காது. இதனோடு யுபிஎஸ் கருவியும் கணினியும் யுஎஸ்பி கம்பியால் பேசிக்கொள்ளும் ஏற்பாடும் தேவை. பேட்டரி தீரும் தறுவாயில் மெய்நிகர்க் கணினிகள் ஒவ்வொன்றாக முறைப்படி மூடப்பட்டுப் பின்னர் முதன்மைக் கணினியும் அணைந்தால்தான், எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் அறுந்து கோப்பு சிதையாமல் இருக்கும். இடிமின்னலுக்கு எதிராக முறையான எர்த் இணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும். மின்னல் மின்கம்பி வழியே மட்டும் வருவதில்லை, கூரையில் வைத்த கேமராவின் நீண்ட செப்புக் கம்பி வழியேயும் பலகையை எட்டும் என்பதால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் ஓரிடத்திலாவது ஒளியிழைத் துண்டு ஒன்றை இடையில் வைப்பது சிறந்த காப்பு.

உயரத்தின் விளைவுகள் பலருக்கும் புதியவை. 1,900 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ எண்பது விழுக்காடே இருக்கும். விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கனஅளவு மாறாவிட்டாலும் அதன் நிறை குறைவதால், அது ஏந்திச்செல்லும் வெப்பமும் குறைகிறது. ஆனால் பூம்பாறையின் பகல் வெப்பநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால், சென்னையின் 38 டிகிரி அறையைவிட இங்கே பலகை இதமாகவே இருக்கும். மெல்லிய காற்றால் வரும் இழப்பைக் குளிர்ச்சி ஈடுசெய்துவிடுகிறது. விசிறியே இல்லாமல் உலோகத் தகடுகளால் மட்டும் குளிரும் பலகைகள் இங்கே நன்றாகப் பொருந்துவது இதனால்தான். விசிறியில்லாத பெட்டிக்குள் தூசியும் அடுப்புப் புகையும் இழுக்கப்படுவதில்லை என்பது கூடுதல் ஆதாயம்.

காற்றின் மென்மை மின்காப்பையும் பாதிக்கிறது. அழுத்தம் குறைந்த காற்றில் மின்பொறி எளிதில் தாவும் ஆகையால், மின்கருவிகளுக்குள் கம்பிகளுக்கிடையே விடப்படும் இடைவெளிகளைப் பன்னாட்டுத் தரங்கள் 2,000 மீட்டர் உயரத்தை வழக்கமான எல்லையாகக் கொண்டே வகுத்துள்ளன. மலிவான மின்மாற்றி அடாப்டர்கள் பலவற்றின் மேல் 2,000 மீட்டருக்குக் கீழே மட்டும் பயன்படுத்துக என்ற குறிப்போ, மலை வடிவச் சின்னமோ அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். பூம்பாறை இவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது; 2,100 மீட்டரைத் தாண்டிய கொடைக்கானல் நகரின் பல பகுதிகளோ எல்லைக்கு மேலே உள்ளன. 5,000 மீட்டர் வரை ஏற்புடையது என்று குறிக்கப்பட்ட அடாப்டர்களும் சந்தையில் கிடைப்பதால், வாங்கும்போது லேபிளைப் படிப்பது மலைவாழ்வோருக்குச் சம்பிரதாயச் செயலன்று.

மூடுபனிக்கு வேறு வகைக் கவனம் வேண்டும். கருவிகளின் கையேடுகள் ஈரப்பதத்தின் எல்லையைக் குறிக்கும்போது, நீர்த்துளியாகப் படியாத நிலை என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கின்றன. குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மீது ஈரக்காற்று பட்டால் துளிகள் படியும். தொடர்ந்து இயங்கி இளஞ்சூடாக இருக்கும் பலகையின் மீது படியாது. இந்த வகையில் ஓயாமல் இயங்கும் சர்வர், இரவில் அணைத்து வைக்கப்படும் கணினியைவிடப் பாதுகாப்பானது. நீண்ட மின்தடைக்குப் பின் விடியற்காலையில் இயக்கும் முன்பு சிறிது நேரம் அறையைச் சூடேற்றிக்கொள்வதும், பெட்டியைக் கற்சுவரை ஒட்டி வைக்காமல் உள்ளறையில் உயரமான தட்டில் வைப்பதும் போதிய முன்காப்பாகும்.

இவ்விடத்தில் இதே மலையில் தரவு காக்கும் மரபு ஒன்றையும் நினைவுகூர்வது பொருத்தமாகும். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1900களின் தொடக்கம் முதலே சூரியனின் உருவம் நாள்தோறும் ஒளிப்படத் தகடுகளில் பதியப்பட்டு வந்தது. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் இங்கேதான். இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள அந்த நூற்றாண்டுத் தொகுப்பு எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. ஒரு நாளின் படம் அன்றைக்குச் சிறிதாகத் தோன்றினாலும், பிழையின்றித் தொடர்ந்து சேர்க்கப்பட்டதனால்தான் அத்தொகுப்பு ஈடிணையற்றதாயிற்று. உழவர் ஒருவரின் பத்தாண்டு வெப்பநிலைப் பதிவுக்கும் இது பொருந்தும். அத்தகைய பதிவைப் பேண எண்ணுவோர் ஈசிசி நினைவகம் என்பதைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். மின் இரைச்சலாலும் விண்கதிர்களாலும் நினைவகத்தில் எப்போதேனும் ஒரு துண்மி, அதாவது பிட், தலைகீழாக மாறுவதுண்டு. கூடுதல் சரிபார்ப்புத் துண்மிகளைக் கொண்டு அப்பிழையைக் கண்டு திருத்துவதே ஈசிசி. கடல்மட்டத்தைவிட மலையுயரத்தில் விண்கதிர்த் துகள்களின் வருகை மிகுதி என்பதும் இயற்பியல் உண்மை. குறைமின் பலகைகளில் பெரும்பாலானவை இவ்வசதியைத் தருவதில்லை. ஒரு வீட்டின் அளவில், வேறிடத்தில் வைக்கப்பட்ட இரண்டாம் படியும், கோப்புகளின் சரிபார்ப்புத் தொகையைத் தானே கணித்துவைக்கும் இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறையும் அக்குறையைப் பெரும்பாலும் தணிக்கும்.

சந்தையில் கிடைப்பவற்றுள் பூம்பாறைக்கு நெருக்கமாக வருவது, 2023இன் தொடக்கத்தில் வெளிவந்த இன்டெல் என்100 செயலி ஏற்கனவே பற்றவைக்கப்பட்ட சிறு பலகைகளின் குடும்பமாகும். நான்கு கருக்களையும் 6 வாட் குறிப்பையும் கொண்ட இச்செயலி மெய்நிகராக்க வசதியோடு, வலையமைப்பு அட்டை போன்ற ஒரு கருவியை ஒரு மெய்நிகர்க் கணினியிடமே நேரடியாக ஒப்படைக்க உதவும் விடி-டி என்ற வசதியையும் பெற்றுள்ளது. ஆஸ்ராக் நிறுவனத்தின் என்100டிசி-ஐடிஎக்ஸ் என்ற பலகை விசிறியில்லாதது, 19 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தை நேரடியாக ஏற்பது. மேலே சொன்ன மலைத் தேவைகளோடு அது வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. ஆசுஸின் பிரைம் என்100ஐ-டி டி4 பலகையும் அதே செயலியைக் கொண்டதெனினும் வழக்கமான மின்வழங்கிப் பெட்டியை எதிர்பார்க்கிறது. திண்மநிலைச் சேமிப்பகம் ஒன்றோடு மட்டும் இவ்வகைப் பலகைகள் ஓய்வில் பத்து வாட்டுக்கும் குறைவாக நிற்கக்கூடியவை. இவற்றின் குறைகளும் உண்மையானவை. நினைவகத்துக்கு ஒரே இடம். 16 ஜிபி மட்டுமே அதிகாரபூர்வ உச்சம், 32 ஜிபி பலருக்கும் இயங்குகிறது என்றாலும் உற்பத்தியாளர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. வெளிக்கருவிகளுக்கு ஒன்பது இணைப்புத் தடங்களே உள்ளன. மெய்நிகர்க் கணினிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது செயலியின் வேகத்தைவிட நினைவகத்தின் கொள்ளளவே ஆதலால், ஐந்தாறு சிறு சேவைகளைத் தாண்டி விரிவாக எண்ணுவோருக்கு இது இடம் போதாது.

அவர்களுக்கு இரண்டாவது வழி, அலுவலகங்களில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட கையடக்க மேசைக் கணினிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலிட்டெஸ்க் மினி ஆகிய வரிசைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழுதுநீக்கி விற்கப்படுகின்றன. மடிக்கணினி அடாப்டரிலேயே இயங்கும் இவற்றின் பலகைகள் ஆழ்ந்த உறக்கநிலைகளை நன்கு ஆதரிக்கின்றன; இரண்டு நினைவக இடங்கள் உள்ளன; சில மாதிரிகளில் தொலைவிலிருந்தே கணினியை இயக்கவும் அணைக்கவும் திரையைக் காணவும் உதவும் வசதி செயலியோடு சேர்ந்தே வருகிறது. புதிதாக ஒரு பலகை செய்யப்படுவதற்குச் செலவாகும் உலோகத்தையும் ஆற்றலையும் எண்ணினால், நல்ல நிலையிலுள்ள பழைய பலகையை மேலும் ஐந்தாண்டு உழைக்கவிடுவது மிகச் சரியான செயலாகும். பெரும்பாலான வீடுகளுக்கு இதனையே முதற்பரிந்துரையாகக் கூறலாம். பெரிய வட்டுகள் பலவற்றைப் பொருத்த இடமின்மை ஒன்றே இதன் தடை. சுழலும் 3.5 அங்குல வன்தட்டு ஒவ்வொன்றும் சும்மா சுழல்வதற்கே நான்கைந்து வாட் எடுக்கும் என்பதால், கேமராப் பதிவுக்கு வெளியே இணைத்த ஒரு பெரிய வட்டு, மற்றவற்றுக்குத் திண்மநிலைச் சேமிப்பகம் என்று பிரித்துக்கொள்வது அத்தடையையும் பொருளற்றதாக்கும்.

தரவு மையங்களுக்கெனச் செய்யப்படும் சூப்பர்மைக்ரோ போன்ற நிறுவனங்களின், இன்டெல் ஆட்டம் வகைச் செயலி கொண்ட பலகைகள் ஈசிசி நினைவகத்தையும், கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து தொலைக்கட்டுப்பாட்டுக்கு உதவும் தனிச் சில்லையும் தருகின்றன. அச்சில்லு எந்நேரமும் சில வாட்டுகளை எடுத்துக்கொண்டே இருக்கும், விலையும் மிகுதி. தரவு மையத் தரம் என்ற பெயர் மட்டும் நீண்ட ஆயுளுக்கு உறுதியாகாது. 2013இல் வெளிவந்த ஆட்டம் சி2000 வரிசையில், ஒன்றரை ஆண்டளவு தொடர்ந்து இயங்கியபின் கடிகாரத் துடிப்பு நின்று, கருவி மறுபடி எழவே இயலாமற் போகும் குறை ஒன்று 2017இல் வெளிப்பட்டு, பல வலையமைப்புக் கருவி நிறுவனங்கள் பொருள்களை மாற்றித்தர நேர்ந்தது. மிகச் சிறிய ராஸ்பெரி பை பலகைகள் ஓய்வில் மூன்று நான்கு வாட்டோடு நின்றுவிடும் என்றாலும், அவற்றின் ஆர்ம் வகைச் செயலியில் இன்டெல் வகைக்கென எழுதப்பட்ட மெய்நிகர்க் கணினிகளை நேரடியாக இயக்க முடியாது. வெப்பநிலைப் பதிவு போன்ற ஒற்றைப் பணிக்கு அவை போதும்.

எதைத் தேர்ந்தாலும் சாக்கெட்டில் செருகும் மின்அளவி ஒன்றை வாங்கி, சேவைகள் அனைத்தும் நிறுவப்பட்ட நிலையில் ஒரு முழு நாளின் நுகர்வை அளந்து பார்க்க வேண்டும். அதன்பின் பயாஸில் ஒலிச்சில்லு, பயன்படாத சேமிப்பகக் கட்டுப்படுத்தி, தேவையற்ற இணைப்பு முனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக முடக்கி மீண்டும் அளந்தால், எந்த மாற்றம் எவ்வளவு மிச்சப்படுத்தியது என்பது தெரிந்துவிடும். கரண்ட் திரும்பும்போது எழும் ஏற்பாட்டையும் வீட்டிலிருக்கும்போதே இருமுறை மும்முறை சோதித்துக்கொள்ள வேண்டும். மெய்நிகர்க் கணினிகளை முறைப்படி மூடிவிட்டு மின்இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் கழித்துக் கொடுத்து, ஒவ்வொன்றும் உரிய வரிசையில் தானே எழுகிறதா என்று பார்த்தால் போதும். பயாஸ் அமைப்புகளையும் நேரத்தையும் நினைவில் வைக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தளர்ந்தால், நீண்ட மின்தடைக்குப் பின் அவ்வமைப்புகள் அழிந்து தானே எழும் வசதியும் போய்விடும் என்பதால், பழைய கணினி வாங்குவோர் அதனை முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும். அடாப்டர் ஒன்றும், அதே வகை நினைவகத் துண்டு ஒன்றும் வீட்டில் கூடுதலாக இருப்பது நல்லது. மழைக்காலத்தில் மலைப்பாதை மூடப்பட்டால் கொடைக்கானலுக்குப் போய் வாங்கிவரும் வழியும் மூடப்பட்டிருக்கும்.